தங்கையா இரும்பு யானையைப் பார்த்து முடித்த கதை

தங்கையா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார் என்று மெர்லிமாவ் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் தங்கையாவேதான். உண்மையில் அவர் விழுந்தது குளியலறையில், சோப்பு நுரையில் கால் வைத்து. இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் இரும்பு வைத்துப் பொருத்தி, ஆள் பிழைத்துக்கொள்வார், நடக்க வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. படுத்த படுக்கையாய் இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பராமரிப்பது என் தொழில். முறையாகப் பயிற்சி பெற்றுச் செய்கிறேன். அதனால் இந்தப் பக்கத்துச் சனங்கள் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை அமர்த்தியவள் தங்கையாவின் ஒரே மகள் திலகவதி. ஜொகூர் பாருவில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தங்கையா மெர்லிமாவ் தாமான் குடியிருப்பு வீட்டில் தனி ஆள்.

திலகவதி ஊருக்குப் புறப்படும்போது கேட்டருகில் நின்று என்னிடம் சொன்னாள்:

"ஆன்ட்டி, தீபாவளிக்கு முந்துன ஞாயித்துக்கெழம வருவேன். அப்பா தானா எந்திரிச்சு, தானா வெளிய போயிட்டு வர்ற மாதிரி இருந்தா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா என்கூட கூட்டிட்டுப் போயிருவேன். இவரத் தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

தங்கையாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மகளுடைய வீடு நாலாம் மாடி. மின்தூக்கி அதற்கு மனம் வந்தால் ஓடும். "அங்க ஜன்னலத் தொறந்தா என்னா தெரியும்? அடுத்த வீட்டு ஜன்னல். அத எவ்வளவு நேரம் பாக்கறது?" என்று என்னிடம் முறையிட்டார்.

"அப்படின்னா நடங்க."

"நடக்கத்தான் போறேன் மிஸ்ஸி."

நடக்கவில்லை. காலையில் எலும்பு குளிர்ந்து கிடக்கிறது என்பார். மத்தியானம் சாப்பிட்டவுடன் நடந்தால் வயிற்றுக்கு ஆகாது. சாயங்காலம் மழை வரும்போல் இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பதற்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஈரக்காற்று என்பார். செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, செம்பனை ஆலையில் முப்பது வருடத்துக்குக் குறையாமல் பாய்லருக்கு முன்னால் நின்று வெந்த மனிதர். அவருக்கு ஈரக்காற்று ஆகாதாம்.

நான் அதட்டிப் பார்த்தேன். அதட்டினால் நடப்பார், ஆனால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடியே நடப்பார், எப்போது போதும் என்பேன் என்று. அப்படி நடக்கிற நடையால் காலுக்கு ஒரு பலமும் ஏறாது.

இப்படியிருக்கையில் ஒரு நாள் ஜமாலுதீனும் அவர் மனைவி லத்தீஃபாவும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். ஜமாலுதீன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் வரிசையில் வீடியோ கடை வைத்திருப்பவர். தங்கையாவுக்கும் அவருக்கும் பல வருடப் பழக்கம். பல வருடச் சண்டை என்றும் சொல்லலாம்.

"கைல டேப் ஒண்ணும் கொண்டாரலையே பாய்? அந்த இரும்பு யானையத் தூக்கிட்டு வந்திருந்தா நான் இப்பவே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போயிருவேன்" என்று தங்கையா படுக்கையிலிருந்தே ஆரம்பித்தார்.

"பாதியில விட்டவங்க அதப் பத்திப் பேசக்கூடாதுண்ணே."

"குப்பைய முழுசா தின்னு பாத்துட்டுத்தான் குப்பைன்னு சொல்லணுமா லா?"

"ஆமா. முழுசா பாத்துட்டுச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லத்தீஃபாதான் விளக்கினாள். அது ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர். மொத்தம் இருபது டேப். ஒரு பெரிய இரும்பு யானை, அதன் வயிற்றுக்குள் ஒரு பாய்லர், அதற்குக் கரி அள்ளிப் போடும் ஒரு பெண். யானையின் முதுகில் ஒரு கூட்டம் சனங்கள் கடலைத் தேடிப் போகிறார்கள். அவர்களைப் பிடிக்க ஒரு பட்டாளம் துரத்துகிறது. ஆலையில் கரியும் நெருப்புமாகக் கிடந்த மனிதருக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. முதல் பத்து டேப்பை இரண்டு தடவை பார்த்தாராம்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. டேப்பில் பேசுவது ஜப்பான் மொழி. கீழே ஓடுவது சீன எழுத்து. இரண்டும் இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் ஜமாலுதீன் கடையில் ஒரு வழக்கம் உண்டு. டேப்பை எடுத்துக் கொடுப்பதற்கு முன் கவுண்டரில் நின்று அந்த டேப்பின் கதையைத் தமிழில் சொல்லிவிடுவார். வாடிக்கையாளர்கள் கதையை மனதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்ப்பார்கள். ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையாது என்பதால் பெயரும் அவரே வைத்துவிடுவார். கரி அள்ளும் பெண் கழுத்தில் சிவப்பாய் ஒரு துண்டு கட்டியிருப்பாள், அதனால் அவள் பெயர் சிவப்புத் துண்டு. பட்டாளத்துத் தலைவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லாரையும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி விரட்டுவதால் பெரிய கிராணி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"பதினோராவது டேப்புக்கு மட்டும் இவரு கதை சொல்லல மிஸ்ஸி" என்றார் தங்கையா. "முன்னாடியே சொன்னா ருசி போயிடும்ணே, நீங்களே பாருங்கன்னு குடுத்துட்டாரு. போய்ப் பாத்தா, யானை ஒரு எடத்துல நிக்கிது. எல்லாரும் உக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசறாங்க. பேசறாங்க, பேசறாங்க, பேசிக்கிட்டே இருக்காங்க. பாதியில எந்திரிச்சிட்டேன்."

"அப்பறம்தான் நல்லாருக்கும்ணே."

"அப்படியா? என்னா ஆகுது? கடலுக்குப் போறாங்களா?"

ஜமாலுதீன் ஆப்பிளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"கேக்கறாருல்ல, சொல்லுங்க" என்றாள் லத்தீஃபா. அவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். "இவருக்கே தெரியாதுண்ணே" என்று போட்டு உடைத்துவிட்டாள். "பக்கத்துக் கடையில தையக்கார சீனத்தி இருந்தாங்கல்ல, அவங்கதான் கீழ ஓடறதப் படிச்சு மலாய்ல இவருக்குச் சொல்வாங்க. இவரு தமிழ்ல எல்லாருக்கும் சொல்வாரு. அவங்க மகன்கூட சிங்கப்பூர் போயிட்டாங்க. பத்து டேப்போட கத நின்னுபோச்சு."

தங்கையாவின் முகத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அப்போதுதான் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன்.

"ரெண்டு வருசமா! ரெண்டு வருசமா என்னைய, பாதியில விட்டவன், பாதியில விட்டவன்னு... பாய், நீங்களே பாக்கலையா?"

"எனக்கு எங்கண்ணே நேரம்? கடைய யாரு பாக்கறது?" என்றார் ஜமாலுதீன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கத சொல்ல ஆளு இல்லாம பின்னாடி பத்து டேப்பையும் ஒருத்தரும் எடுக்கறதில்ல. தூசி தட்டி வச்சிட்டிருக்கேன். நீங்க சும்மாதானே படுத்திருக்கீங்க. பாத்து முடிச்சிட்டுக் கதைய எனக்குச் சொல்லுங்களேன்."

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்."

"அதெப்படி? கத கவுண்டர்ல சொன்னாத்தான் டேப் போகும். நீங்கதான் கடைக்கு வரணும்."

தங்கையா கூரையைப் பார்த்து யோசித்தார். ஊருக்கே கதை சொல்லும் இடத்தில் தான் நிற்பதை நினைத்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். சாயங்காலம் ஜமாலுதீன் பத்து டேப்பையும் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்.

பெட்டி வந்ததும் தங்கையா கேட்டார். "மிஸ்ஸி, டிவியக் கொஞ்சம் ரூமுக்குள்ள நகத்தலாமா?"

"முடியாது."

"சக்கரம் வச்ச மேசைதானே."

"சக்கரம் மேசைக்கு. உங்களுக்குக் கால் இருக்கு. டிவி ஹால்லயே இருக்கட்டும்."

அன்று என்னைத் திட்டிக்கொண்டே வாக்கரைப் பிடித்து ஹாலுக்கு வந்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்து வந்தார். அது போதும் எனக்கு.

படம் பற்றி நான் என்ன சொல்ல? தங்கையா சொன்னது சரிதான். பதினோராவது டேப் முழுக்கத் தேத்தண்ணி. பன்னிரண்டாவதில் சிவப்புத் துண்டு பழையதை நினைத்துப் பார்க்கிறாள். அவள் நினைத்ததெல்லாம் முன்பு வந்த காட்சிகள். "இது மூணாவது டேப்புல வந்ததுலா! இது அஞ்சாவது! ஒரே மீனுக்கு ரெண்டு தடவ காசு வாங்கறானுங்க!" என்று தங்கையா கத்தினார். அதற்கடுத்த டேப்பில், ஊரையே நடுங்கவைத்த பெரிய கிராணிக்குச் சளி பிடித்துவிட்டது. டேப் முடியும் வரை படுத்தே கிடக்கிறான். அவனைக் கவனித்துக்கொண்ட பெண் நெற்றியில் போட்ட துணியைப் பிழியவே இல்லை. தண்ணீர் காதுக்குள் ஓடுகிறது. பிழிந்து போடக் கூடாதா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"பாத்தீங்களா, ஒங்களுக்கே கோவம் வருது" என்றார் தங்கையா சந்தோஷமாக.

அவருடைய கோபம் பாய்லரைப் பற்றி. கதவை இப்படி அகலத் திறந்து வைத்துக்கொண்டா கரி போடுவது, சூடு எல்லாம் வெளியே போகிறதே என்று எழுந்து நின்று திட்டுவார். உட்கார்ந்த இடத்திலிருந்து திட்டினால் அவருக்குத் திருப்தி இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுவார், திட்டுவார், உட்காருவார், மறுபடி எழுவார். இதைத்தான் நான் வந்த நாளிலிருந்து செய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொடைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

கதை புரியாத இடங்களில் நாங்களே ஒரு கதை வைத்துக்கொண்டோம். அதிலும் சண்டை. சிவப்புத் துண்டு அழுவது தாயை நினைத்து என்பார் அவர். நாள் முழுக்கக் கரிப்புகையில் நின்றால் எனக்கும் கண் எரியும் என்பேன் நான்.

பதினைந்தாவது டேப்போடு தங்கையா கைகழுவப் பார்த்தார். அதில் ஒரு கிழவர் சதுரங்கம் ஆடுகிறார். வேறொன்றும் நடக்கவில்லை.

"போதும் மிஸ்ஸி. நிறுத்துங்க. மனுசன் பாப்பானா இத?"

"நிறுத்தலாம். ஜமாலுதீன் கேட்டா என்னா சொல்லட்டும்? மறுபடியும் பாதியில விட்டுட்டாருன்னு சொல்லவா?"

கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அடுத்தத போடுங்க."

அதற்குள் வாக்கரை ஓரம் கட்டிவிட்டு தோங்கட் என்கிற கைத்தடியை ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். கோபத்தால் எலும்பு கூடிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எலும்பு கூடும் நேரத்தில்தான் கூடும். கூடிய எலும்பைத் தாங்க சதை வேண்டும், சதைக்கு வேலை வேண்டும், வேலை செய்ய மனிதனுக்கு ஒரு காரணம் வேண்டும். இவருக்கு மகளும் வீடும் போதுமான காரணமாக இல்லை. ஜமாலுதீன்தான் வேண்டியிருந்தது. ஆண்களைப் பராமரித்த வரையில் எனக்கு இது புதிதல்ல.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நெருங்கியது. சனிக்கிழமை பலகாரத்துக்கு மாவு சலிக்கும் நேரத்தில் இருபதாவது டேப்பைப் போட்டோம். நான் சல்லடையை மடியில் வைத்துக்கொண்டே பார்த்தேன்.

இரும்பு யானை ஒரு பொட்டல் வெளிக்கு வருகிறது. கரி தீர்ந்துவிடுகிறது. நின்றுவிடுகிறது. முதுகிலிருந்த சனங்கள் எல்லாரும் மூட்டையோடு இறங்குகிறார்கள். கும்பிடு போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். பெரிய கிராணி ஏதோ ஒரு பசாரில் நின்று ஆரஞ்சுப் பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். சிவப்புத் துண்டு கையைத் தட்டிக்கொண்டு அவள் பாட்டுக்கு நடக்கிறாள். பாட்டு வந்தது. எழுத்து ஓடியது. திரை கறுத்தது.

"கடல் எங்க?" என்றார் தங்கையா.

திரும்ப ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். மறுபடியும் அதேதான். டேப்பை வெளியே எடுத்து, பாட்டுக் கேசட் மாதிரி இன்னொரு பக்கம் இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு, அறைக்கு நடந்து போனார். தோங்கட் நாற்காலியிலேயே கிடந்தது. ஹாலைத் தாண்டுவதற்குள் அதைக் கவனித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலை குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையில் டேப் பெட்டி.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கடைக்கு. கத சொல்லணும்."

"இன்னிக்கு மக வர்றா. அவ வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்பறம் போகலாம்."

"வந்தா கட்டில்ல ஒக்காந்திருக்கறவனத்தானே பாப்பா? கடைக்கு வந்து பாக்கட்டும்."

நான் யோசித்தேன். தாமான் முனை வரை ஒன்றும் இல்லை. அதற்கப்பால் லோங்காங் சாக்கடைமேல் போட்ட பலகை இருக்கிறது, ரோட்டைத் தாண்ட வேண்டும், கடைகளுக்கு முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் ஏற ஒரு படி. விழுந்தால் இரும்பு கோணிக்கொள்ளும், திலகவதி அன்றைக்கே அவரைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். அவருக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்துதான் நின்றார்.

"பெட்டி என்கிட்ட குடுங்க. நான் ஒங்களத் தொடமாட்டேன். விழற மாதிரி இருந்தா மட்டும் பிடிப்பேன்."

வீட்டைப் பூட்டினோம். சினிமாவில் வருவது மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. மனிதர் மெதுவாகப் போனார். முனை வீட்டு மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பலகையைக் கண்டதும் நின்று, எந்தக் கால் முதலில் என்று என்னைக் கேட்டார். ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது உடைந்த கால் என்றேன். ரோட்டில் ஒரு லோரிக்காரன் நிறுத்திக் காத்திருந்தான். அஞ்சடிப் படியில் ஏறியபோது தங்கையாவின் சலவைச் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

ஜமாலுதீன் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே! நடந்தா வந்தீங்க?"

"பறந்தா வருவேன்? கத வேணுமா வேணாமா?"

லத்தீஃபா நாற்காலி போட்டாள். கடையில் ரங்கசாமியும் இருந்தார், பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர். அவரும் அந்தத் தொடரைப் பத்தாவது டேப்போடு விட்டவர்தான். இன்னும் இரண்டு பேர் டேப் எடுக்க வந்து, கதைச் சத்தம் கேட்டு நின்றுவிட்டார்கள்.

தங்கையா சொல்லத் தொடங்கினார். நான் அவரோடு சேர்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள். அவர் ஒன்றையும் கூட்டவில்லை. இருந்தும் தேத்தண்ணி குடித்ததையே அவர் சொன்னபோது சனங்கள் சிரித்தார்கள். பெரிய கிராணி தும்முவதைத் தும்மியே காட்டினார். ரங்கசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பத்தொன்பதாவது டேப்புக்கு வந்தபோது வெளியே கார் கதவு அடித்துச் சாத்தும் சத்தம். திலகவதி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா! வீடு பூட்டிக் கெடக்குது! நான் ஆஸ்பத்திரின்னு நெனச்சு... பக்கத்து வீட்டுலதான் இங்கன்னு சொன்னாங்க!"

தங்கையா கையை உயர்த்தினார். "இரும்மா. கடைசி டேப்புக்கு வந்துட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, இவரு எப்படி வந்தாரு?"

"நடந்து."

கடைசி டேப்புக்காகத் தங்கையா கவுண்டரைப் பிடித்து எழுந்து நின்றார். பொட்டல் வெளி, தீர்ந்த கரி, ஆரஞ்சுப் பழம், எல்லாம் சொன்னார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"அப்பறம்?" என்றார் ரங்கசாமி.

"அப்பறம் ஒண்ணும் இல்ல. எறங்கிப் போயிட்டாங்க."

"கடலு?"

"கடலும் இல்ல, கிடலும் இல்ல. பாய், முழுசா பாத்துட்டுச் சொல்லுன்னீங்க. பாத்துட்டேன். சொல்றேன், கேட்டுக்குங்க. குப்ப."

ஜமாலுதீனுக்கு முகம் விழுந்துவிட்டது. கதை கிடைத்தால் பத்து டேப்பும் ஓடும் என்று நம்பியிருந்தவர். "கொஞ்சம் நல்லதா மாத்திச் சொல்லியிருக்கலாம்லண்ணே" என்று முணுமுணுத்தார். அதற்குள் ரங்கசாமி பெட்டியை இழுத்துப் பதின்மூன்றாவது டேப்பைத் தேட ஆரம்பித்தார், கிராணி தும்முவதைப் பார்த்தே ஆக வேண்டுமாம். நின்றிருந்தவர்களில் ஒருவர், அந்தச் சதுரங்கக் கிழவர் டேப் தனக்கு என்றார். அவ்வளவு மோசமா என்று பார்க்க ஆசை. ஜமாலுதீன் கவுண்டருக்குப் பின்னால் அவசரமாகப் போய் நின்றுகொண்டார்.

"வாங்கப்பா, கார்ல ஏறுங்க" என்றாள் திலகவதி.

"நடந்து வந்தேன், நடந்தே போறேன்."

"காலு வலிக்கும்பா."

"வலிக்குதுதான்."

அவள் காரை அங்கேயே பூட்டிவிட்டு வந்து அவர் பக்கத்தில் நடந்தாள். அஞ்சடிப் படியில் இறங்க எந்தக் கால் முதலில் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார், தான் கண்டுபிடித்தது மாதிரி. லோங்காங் பலகையில் அவள் கை நீட்டினாள். அவர் பிடிக்கவில்லை. தாண்டிய பிறகு, "அது என்னா கதப்பா, யானைன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"மொதல் பத்து டேப் நல்லாருக்கும்மா. கேளு" என்று ஆரம்பித்தார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கியபோது, திலகவதி அப்பாவின் துணிகளை எடுத்துப்போகக் கொண்டுவந்திருந்த பெரிய காலிப் பையை மடித்துக் கார் பின்னால் வைத்தாள். மாத்திரை எந்த நேரம், குளியலறையில் கைப்பிடி எங்கே பொருத்துவது, ரப்பர் விரிப்பு எங்கே வாங்குவது என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, குளியலறை எதுக்கு? அப்பா மோட்டார்லேருந்துதானே விழுந்தாரு?"

"கைப்பிடி எந்த வீட்டுக்கும் நல்லதும்மா" என்றேன்.

தீபாவளி முடிந்த வாரம் எனக்கு அந்த வீட்டில் வேலை இருக்கவில்லை. ஜாசின் பக்கம் சர்க்கரைப் புண்ணோடு ஒரு அம்மா காத்திருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கையில், எதிர் வரிசையில் தங்கையா கவுண்டரில் சாய்ந்துகொண்டு யாருக்கோ தும்மிக் காட்டிக்கொண்டிருந்தார். தோங்கட்டை உடைந்த பக்கத்திலேயே பிடித்திருந்தார். அது தப்பு. ரோட்டைத் தாண்டிப் போய் மாற்றிப் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.